கருவியின் பதிவு உரிமையாளரிடம் வந்து சேரட்டும்: இணையக் கருவித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தோடு இணையும் கேமராக்கள், ரூட்டர்கள், கதவுப் பூட்டுகள், சென்சார்கள், கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

பல இடங்களில் நிறுவப்பட்டுள்ள கருவிகளின் பாதுகாப்புப் பதிவுகளை, அதாவது யார் உள்நுழைந்தார், எது மாறியது என்று கருவியே எழுதிவைக்கும் லாக் வரிகளை, ஒரே மையக் கண்காணிப்புத் தளத்தில் சேர்த்து, அவற்றில் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் தெரிகிறதா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் குழு ஒன்றில் பணிபுரிகிறேன். சர்வர்கள், மடிக்கணினிகள், ஃபயர்வால்கள் ஆகியவற்றின் பதிவுகள் எங்களுக்கு ஒழுங்காக வந்து சேர்கின்றன. எண்ணிக்கையில் இவற்றையெல்லாம் மிஞ்சிவிட்ட உங்கள் கருவிகளிடமிருந்துதான் ஒன்று எதுவுமே வருவதில்லை, அல்லது வருவது எதற்கும் உதவுவதில்லை. ஒரு கருவியின் பாதுகாப்புப் பதிவு, அதை வாங்கியவருக்கு உரியது. அவர் குறிப்பிடும் முகவரிக்கு அந்தப் பதிவைக் கருவியே நேரடியாக, எல்லோருக்கும் பொதுவான வடிவில் அனுப்ப வேண்டும். இதைக் கேட்கத்தான் இம்மடல்.

ஒரு வார இறுதி இரவில் நடந்ததைச் சொன்னால் என் குறை விளங்கும். ஒரு கட்டடத்திலிருந்து 23-ஆம் போர்ட்டை, அதாவது டெல்நெட்டுக்கான வாயில் எண்ணை, குறிவைத்து ஆயிரக்கணக்கான இணைப்பு முயற்சிகள் வெளியே போவதாக ஃபயர்வால் காட்டியது. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு கருவி, தொலைவிலிருந்து உள்நுழையும் பழைய முறையான டெல்நெட் வழியே ஊர்ப்பட்ட கருவிகளைத் துழாவிக்கொண்டிருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. எந்தக் கருவி என்பதுதான் புரியவில்லை. அங்கிருந்த நாற்பத்து மூன்று கேமராக்களும் வெளி இணைப்புக்கான ஒரே கேட்வேக்குப் பின்னால் இருந்ததால், எல்லாமே எங்கள் கண்ணுக்கு ஒரே முகவரியில் தெரிந்தன. அவற்றில் சில, சிஸ்லாக் என்னும் பொதுப் பதிவு வடிவில், பழைய பாணியில், வரிகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தன் பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்' (எந்தக் கணினியும் தன்னையே குறிக்கும் பொதுப்பெயர்) என்றே சொல்லிக்கொண்டது, பாதிக்குமேல் தேதியை ஜனவரி 1 என்று குறித்திருந்தன. தயாரிப்பாளரின் உதவி எண்ணை அழைத்தோம். எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். அணைத்துப் போட்டோம், துழாவல் நின்றது. மறுநாள் அதே உதவிப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது, சம்பவத்தின்போது இருந்த லாக் கோப்பை அனுப்பி வைக்கும்படி. அந்தக் கோப்பு, மின்சாரம் போனால் அழியும் நினைவகமான ரேமில் இருந்தது. அணைத்ததோடு அதுவும் போயிற்று.

2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவிய விதத்தை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபது சொச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டெல்நெட் திறந்திருந்த கேமராக்களுக்குள்ளும் வீடியோ ரெக்கார்டர்களுக்குள்ளும் அது நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையை, அதாவது இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் சேவையை, தாக்கிப் பல பெரிய இணையதளங்களைப் பல மணி நேரம் எட்டாதபடி செய்தது. அது நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது, கருவியை மறுபடி தொடங்கினால் அழிந்துவிடும் என்ற செய்தி அப்போது ஓர் ஆறுதலாகப் பேசப்பட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஆறுதல் இல்லை. நுழைந்தவனும் ரேமில், நுழைந்ததற்கான சாட்சியும் ரேமில் என்றால், ஒரு மறுதொடக்கம் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. கடவுச்சொல் மாறாத கருவிக்குள் அவன் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடுவான். சாட்சி திரும்பி வராது. பதிவு எழுதப்பட்ட கணமே கருவியைவிட்டு வெளியேறி வேறோர் இடத்தில் சேர வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

கருவிக்குள்ளேயே பதிவு இருக்கிறது, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாமே என்பது உங்களிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில். உங்கள் கருவிகளில் பெரும்பகுதி லினக்ஸையும், சிறு கருவிகளுக்கான கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸையும் கொண்டே ஓடுகின்றன. பிஸிபாக்ஸின் சிஸ்லாக், நினைவகத்தில் வட்டமாகச் சுழலும் ஒரு பகுதியில் பதிவை எழுதும்படி அமைக்கப்படும்போது, அப்பகுதியின் இயல்பு அளவு 16 கிலோபைட். வரிக்கு நூறு பைட் என்று வைத்துக்கொண்டால் நூற்று அறுபது வரிகளுக்குச் சற்று மேல். ஒருவன் நொடிக்கு ஒரு கடவுச்சொல்லாக முயன்று பார்க்கிறான், ஒவ்வொரு தோல்வியும் ஒரு வரி எழுதுகிறது என்றால், மூன்று நிமிடம் நிரம்புவதற்குள் அவன் தொடங்கிய தடம் அவனுடைய முயற்சிகளாலேயே அழிந்துவிடும். தாக்குதல் எவ்வளவு மூர்க்கமோ அவ்வளவு விரைவில் அதன் தொடக்கம் மறையும். மறுநாள் காலையில் இறக்கிக்கொள்ளும் கோப்பில் எங்களுக்குக் கிடைப்பது, பெரும்பாலும், அன்று காலை நாங்களே உள்நுழைந்ததற்கான வரிதான்.

அதே பிஸிபாக்ஸில் பதிவை வெளி முகவரிக்கு அனுப்பும் வசதியும் நெடுங்காலமாக இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டமைக்கும்போது ஒரு தெரிவை இயக்கிவிட்டு, தொடங்கும்போது சர்வரின் முகவரியைக் கொடுத்தால் போதும். பல கருவிகளின் ஃபர்ம்வேரில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அமைப்புப் பக்கத்தில்தான் அதற்கு ஒரு பெட்டி இல்லை. இந்த ஒன்றில் எனக்கு வியப்பு தீர்ந்தபாடில்லை.

அனுப்பினால் மட்டும் போதாது என்பதற்கு அந்த லோக்கல்ஹோஸ்ட் கேமராக்களே சான்று. சிஸ்லாக் 1980-களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதியது. அதன் பழைய நடைமுறையை 2001-இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அப்படியே ஆவணப்படுத்தியது. அந்த வடிவில் நேரமுத்திரைக்கு ஆண்டு கிடையாது, நேர மண்டலம் கிடையாது. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 இரண்டையும் சேர்த்து, அதற்குமேல் ஒரு படி போய், கருவி தன் கடிகாரத்தைப் பற்றித் தானே உண்மை சொல்வதற்கும் இடம் வைத்தது. நேரத் தரம் என்ற பகுதியில், என் நேர மண்டலம் எனக்குத் தெரியும், என் கடிகாரம் வெளி நேரத்தோடு ஒத்திசைந்திருக்கிறது என்பனவற்றை ஒன்று அல்லது சுழியம் என்று குறிப்பிடலாம். மின்கலம் உள்ள கடிகாரச் சில்லு இல்லாத கருவி, மின்சாரம் போய் வந்ததும் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணத் தொடங்குவதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. விலையைக் குறைக்கச் செய்தது என்று புரிகிறது. சரியான நேரம் தரும் என்டிபி சர்வரைத் தொடும்வரை தன் நேரம் நம்பத்தக்கதல்ல என்று அது ஒப்புக்கொண்டால் போதும், நாங்கள் பதிவு வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வோம். பொய்யான நேரத்தைத் துணிந்து சொல்லும் கருவிதான் எங்களைச் சுற்றவிடுகிறது. பல கருவிகளின் நிகழ்வுகளை நேர வரிசையில் அடுக்கி, எது முதலில், எது பின்னால் என்று பார்ப்பதுதான் மையத் தளத்தின் முதல் வேலை. ஒரு கடிகாரம் பிசகினால் அந்த வரிசையே பிசகும்.

முன்னுரிமை எண்ணைப் பற்றியும் ஒரு சொல். சிஸ்லாக் வரியின் தொடக்கத்தில் வரும் எண், அது எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்பதை எட்டால் பெருக்கி, எவ்வளவு கடுமையானது என்பதை அதனோடு கூட்டிப் பெறுவது. உள்நுழைவு தொடர்பான பிரிவு 4, சாதாரணத் தகவல் 6, ஆகவே 38. ஆனால் உங்கள் கருவிகள் பலவற்றிலிருந்து எல்லா வரியும் 13 என்றே வருகிறது. காரணம் ஒன்றும் பெரிதல்ல: எங்கோ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டில் பதிவு எழுதும் 'லாகர்' கட்டளையை முன்னுரிமை எதுவும் கொடுக்காமல் அழைத்திருப்பார்கள், அதன் இயல்பு மதிப்பு அதுதான். விளைவு, லென்ஸ் தன் குவியத்தைச் சரிசெய்துகொண்டதும் நிர்வாகிக் கணக்கு ஒன்று புதிதாக உருவானதும் எங்கள் திரையில் ஒரே தகுதியோடு வந்து நிற்கின்றன.

அடையாளத்துக்குக் கருவியின் வரிசை எண்ணை நம்புங்கள். முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபியால் ஐபி முகவரி மாறும், கேட்வேக்குப் பின்னால் மறையும். பெயரைப் பயனர் மாற்றுவார் அல்லது மாற்றாமலே விட்டுவிடுவார். பெட்டியின் அடியில் ஒட்டிய வரிசை எண் ஒவ்வொரு வரியிலும் இருந்தால், அந்த இரவில் நாற்பத்து மூன்றில் எது என்று ஒரு தேடலில் கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் பிணையத்திலிருந்து துண்டித்திருப்போம். மற்ற நாற்பத்திரண்டும் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கும்.

எந்த வழியில் அனுப்புவது என்பதில் வாதத்துக்கு இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சேர்ந்ததா என்று சரிபார்க்காத யூடிபி முறையில் 514-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும் வரி வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. நடுவில் இருப்பவன் அதைப் படிக்கலாம், கருவியின் பெயரில் பொய் வரியும் எழுதலாம். மறையாக்கம் செய்து அனுப்பும் டிஎல்எஸ் வழியே 6514-ஆம் போர்ட்டில் அனுப்புவதற்கான ஆர்எஃப்சி 5425-உம் 2009-இலேயே வந்துவிட்டது. சிறிய கருவிக்கு டிஎல்எஸ் சுமை என்று உங்கள் பொறியாளர்கள் சொல்வார்கள். மின்கலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு கதவுச் சென்சாருக்கு அது உண்மைதான். அதன் சார்பில், அது இணைந்திருக்கும் மையக் கருவியான ஹப் அனுப்பட்டும், அல்லது பதிவுகளைச் சேர்த்துவைத்து ஒரே இணைப்பில் மொத்தமாக அனுப்பட்டும். ஆனால் நாள் முழுக்க உங்கள் கிளவுடுக்கு டிஎல்எஸ்ஸில் காணொளி அனுப்பிக்கொண்டிருக்கும் கேமராவுக்கு, நிமிடத்துக்கு நாலு வரி அனுப்பத் தெம்பில்லை என்றால் அதை ஏற்பதற்கில்லை.

இணைப்பு அறுந்தால் பதிவைத் தேக்கிவைத்து, மீண்டதும் அனுப்பும் பழக்கமும் வேண்டும். அதற்கு ஃபிளாஷ் நினைவகத்தில் ஓரிரு மெகாபைட் ஒதுக்கினால் பல கருவிகளுக்கு நாட்கணக்கில் தாங்கும். அடிக்கடி எழுதினால் ஃபிளாஷ் தேயும் என்ற கவலை நியாயமானதுதான் என்பதால், இணைப்பு இல்லாத நேரத்தில் மட்டும், அதுவும் பாதுகாப்பு நிகழ்வுகளை மட்டும், அதில் எழுதினால் போதும். தேக்கம் நிரம்பி வரிகளைக் கைவிட நேர்ந்தால், இத்தனை வரிகளைக் கைவிட்டேன் என்று ஒரு வரி எழுதட்டும். ஆர்எஃப்சி 5424 வரிசைத் தொடர் எண்ணுக்கும் இடம் வைத்திருக்கிறது. 118-க்குப் பின் 125 வந்தால் நடுவில் ஆறு வரிகள் காணோம் என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

காணாமல் போவதைவிட எங்களை அதிகம் குழப்புவது மௌனம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். கண்காணிப்பு அறையில் அதற்கு அப்படி எந்தப் பொருளும் கிடையாது. மூன்று மணி நேரமாக ஒரு பூட்டிலிருந்து பதிவு வரவில்லை என்றால், அங்கே ஒன்றும் நடக்கவில்லையா, மின்சாரம் இல்லையா, அல்லது யாரோ உள்ளே புகுந்து முதல் வேலையாகப் பதிவு அனுப்புவதை நிறுத்திவிட்டார்களா? சில நிமிடங்களுக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்பினால் முதல் ஐயம் தீரும். பதிவு போகும் முகவரியை மாற்றினாலோ பதிவை நிறுத்தினாலோ, அந்த மாற்றம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பாகவே பழைய முகவரிக்குக் கடைசியாக ஒரு செய்தி போக வேண்டும். கடைசி ஐயம் அதனால் தீரும். இதைச் செய்யும் கருவியை என் பணிக்காலத்தில் ஓரிரண்டுதான் பார்த்திருக்கிறேன்.

எதையெல்லாம் அனுப்ப வேண்டும் என்று கேட்டால், நாங்கள் கேட்பது குறைவுதான். உள்நுழைவு, அது வென்றதா தோற்றதா, எந்த முகவரியிலிருந்து. கணக்குகளிலும் உரிமைகளிலும் மாற்றம். அமைப்பில் மாற்றம், செய்தவர் யார். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, அதன் கையொப்பச் சரிபார்ப்பு தோற்றிருந்தால் அது. மறுதொடக்கம், அதன் காரணத்தோடு. புதிதாகத் திறந்த போர்ட் அல்லது சேவை. கடைசியில் சொன்னது கிடைத்தால் பாதிக் கவலை ஒழியும். பிழைதிருத்தத்துக்காக உங்கள் பொறியாளர்கள் எழுதும் வரிகளை அப்படியே எங்கள்மீது கொட்ட வேண்டாம். பெரும்பாலான கண்காணிப்புத் தளங்கள் நாளொன்றுக்கு உள்ளே வரும் தரவின் அளவை வைத்தோ நொடிக்கு வரும் நிகழ்வுகளை வைத்தோ கட்டணம் வாங்குகின்றன. செலவு கையை மீறும்போது முதலில் வெட்டப்படுவது இரைச்சல் அதிகமுள்ள கருவியின் பதிவுதான். அதோடு அந்த ஒரு முக்கிய வரியும் வெட்டுப்படும். எங்கள் பக்கத்துப் பிழை என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியவற்றில் இது முதலாவது.

அனுப்பக் கூடாதவை பற்றியும் அதே அக்கறை வேண்டும். வைஃபை கடவுச்சொல்லும், கடவுச்சொல்லுக்கு ஈடான டோக்கனும் அமைப்புக் கோப்போடு சேர்ந்து முழுவடிவில் பதிவுக்குள் வந்துவிழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் அவசரத்தில் பயனர்பெயர்ப் பெட்டியில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுவது தினமும் நடப்பது. அந்தத் தோல்வியை அப்படியே எழுதும் கருவி, கடவுச்சொல்லை எங்கள் குழு முழுவதற்கும் படித்துக்காட்டுகிறது. ஆகவே கருவியில் இல்லாத பயனர்பெயரை முழுமையாக எழுதாமல், தெரியாத பயனர் என்று மட்டும் குறிப்பது நல்லது. வீட்டில் வைக்கும் கருவியில், அசைவு உணரப்பட்டது, விளக்கு எரிந்தது போன்றவை ஒருவர் எப்போது வீட்டில் இருக்கிறார், எப்போது தூங்குகிறார் என்பதைச் சொல்லிவிடும் வரிகள். அவை பாதுகாப்புப் பதிவோடு கலக்கவே கூடாது.

உங்களிடமிருந்து வரும் வரியை நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில், பதிவு எழுதும் ஒரு மென்பொருளில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தபோது, பதிவில் எழுதப்பட்ட ஒரு சரமே அதை எழுதிய சர்வரில் கட்டளையாக ஓட முடியும் என்று உலகமே பார்த்தது. தாக்குபவன் பயனர்பெயரில் புதுவரிக் குறியைச் செருகி, நிர்வாகி வெற்றிகரமாக உள்நுழைந்தார் என்று இன்னொரு போலி வரி முளைக்கச் செய்யும் தந்திரம் அதைவிடப் பழையது. எழுதும் இடத்திலேயே அக்குறிகளை மாற்றி எழுதுங்கள். பெறும் இடத்தில் நாங்களும் மறுபடி சரிபார்ப்போம்.

பதிவெல்லாம் எங்கள் கிளவுடில் இருக்கிறது, மென்பொருள்கள் தரவைக் கேட்டுப்பெறும் ஏபிஐ வழியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நிறுவனங்களுக்குத் தனியாக ஒன்று. அந்த வசதியைப் பயன்படுத்துகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏபிஐயை மணிக்கு இத்தனை முறைதான் கேட்கலாம் என்ற வரம்பால் நிகழ்வு எங்களிடம் வந்து சேர்வதற்குள் அதன் பயன் தீர்ந்துவிடுகிறது. உயர்கட்டணத் திட்டத்தில் மட்டுமே பதிவு என்று சில நிறுவனங்கள் வைத்திருப்பது, பூட்டை விற்றுவிட்டு அது உடைக்கப்பட்டதைச் சொல்வதற்குத் தனிக் காசு கேட்பது போன்றது. இணையத்திலிருந்து துண்டித்துவைத்த பிணையங்களில் உள்ள கருவிகளுக்கு இந்த வழி பயன்படவே படாது. உங்கள் கிளவுட் கணக்குகளே களவாடப்பட்டால், களவின் சாட்சியும் களவுபோன வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஒருநாள் அந்தச் சேவையை நீங்கள் நிறுத்திவிட்டால், சுவரில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் கருவி ஊமையாகிவிடும்.

சட்டமும் இந்தத் திசையில்தான் வருகிறது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2020-இல் வெளியிட்ட 8259ஏ ஆவணம், தன் பாதுகாப்பு நிலையைத் தெரிவிக்கும் திறனை இணையக் கருவிக்கு வேண்டிய அடிப்படைத் திறன்களுள் ஒன்றாக வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். தரவையும் சேவைகளையும் அணுகுவது, மாற்றுவது போன்ற உள்நடவடிக்கைகளைக் கருவி பதிவுசெய்து கண்காணிக்க வேண்டும், வேண்டாம் என்று விலகும் வழியும் பயனருக்கு இருக்க வேண்டும் என்பது அக்கடமைகளுள் ஒன்று. அந்தச் சந்தையில் விற்கும் எவரும் எப்படியும் இதற்கான வேலையைத் தொடங்கியிருப்பார்கள். பதிவு செய்தாயிற்று என்று பட்டியலில் ஒரு குறி போட்டுவிட்டு, அந்தப் பதிவை அதே 16 கிலோபைட்டுக்குள் சுழலவிடுவார்களோ என்பதுதான் என் அச்சம்.

அமைப்புப் பக்கத்தில் நான் கேட்பது மிகச் சிறியது: பதிவு சேரும் சர்வரின் முகவரிக்கும் போர்ட்டுக்கும் பெட்டிகள், சான்றிதழை ஏற்ற ஓர் இடம், சோதனைச் செய்தி அனுப்ப ஒரு பொத்தான். அதோடு கருவி அனுப்பும் நிகழ்வுகள் ஒவ்வொன்றின் எண்ணையும் பொருளையும் விளக்கும் ஒரு பக்கத்தை, கணக்குத் தொடங்காமலே படிக்கும்படி வெளியிடுங்கள். ஃபர்ம்வேர் மாறும்போது அதையும் மாற்றுங்கள். வரியின் சொற்களை யாரோ அழகுபடுத்தியதால் வரிகளைப் பிரித்துப் படிக்கும் எங்கள் பார்சர் உடைந்து, ஒரு வாரம் எந்த அலர்ட்டும் வராமல் இருந்ததை ஒருமுறை தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம்.

ஏற்கெனவே விற்ற கருவிகளுக்கு இவ்வளவும் முடியாது என்று தெரியும். அவற்றுக்கு முகவரிப் பெட்டியும் வரிசை எண்ணும் மட்டுமாவது, வெறும் யூடிபியில் என்றாலும், அடுத்த புதுப்பிப்பில் கொடுங்கள். அதே கட்டடத்துக்குள் ஒரு சேகரிப்பானை வைத்து, அங்கிருந்து டிஎல்எஸ்ஸில் மையத்துக்குக் கொண்டுவருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சொன்ன நாற்பத்து மூன்று கேமராக்களும் இன்னும் அதே சுவர்களில்தான் இருக்கின்றன. கடவுச்சொற்களை மாற்றி, டெல்நெட்டை மூடி, தனிப் பிணையத்தில் வைத்திருக்கிறோம். அவற்றின் ஃபர்ம்வேர் வெளியீட்டுக் குறிப்பை ஒவ்வொரு மாதமும் திறந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கண்காணிப்புத் தளத்தில் பணிபுரியும் ஒரு பொறியாளர்